மட்டம் போடும் பிள்ளையை வகுப்புக்கு மீட்டெடுப்பது எப்படி? பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பதினோரு மணி இருக்கும். எட்டாம் வகுப்பு வாசலில் ஒரு தாய் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார். "பையன் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டான் டீச்சர், கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய மகன் உள்ளே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய ஒன்பது நாட்களாகவும் இல்லை. தினமும் காலையில் சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு, "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான்.

அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தபோது பையன்மேல் வந்ததைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது நாளும் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று குறித்தது என் கை. ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது நான் விசாரிக்கவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தி முடிக்கும் அவசரத்தில், வந்தவர்கள்தான் என் கண்ணில் பட்டார்கள். அன்று தொடங்கி, பணி ஓய்வு பெறும் வரை நான் கடைப்பிடித்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெரும்பகுதி பெற்றோருக்கானது. ஆசிரியர்கள் செய்ய வேண்டியதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"ஒரு நாள்தானே" என்பதன் கணக்கு

கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள். மாதம் இரண்டு நாள் மட்டம் என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பத்து மாதத்தில் அது 20 நாள். முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இப்படியே போனால் 200 நாள். அதாவது, பள்ளியை விட்டு நிற்காமலேயே அந்தப் பிள்ளை முழுதாக ஓராண்டுப் படிப்பை இழந்திருக்கிறது. பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். கடைசி வரியில் 200 என்று எழுதும்போது கூட்டம் அமைதியாகிவிடும்.

நாட்களின் எண்ணிக்கை பாதிதான் சொல்கிறது. பாடங்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. திங்கட்கிழமை ஓரினப் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை வேற்றினப் பின்னங்கள். பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க வேண்டும். புதன்கிழமை அதை வைத்துக் கழித்தல். செவ்வாய் மட்டும் வராத பிள்ளை புதனன்று வந்து உட்கார்ந்தாலும், பலகையில் நான் எழுதுவது அவனுக்குப் பிடிபடுவதில்லை. புரியாத இடத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கே கொடுமை. அடுத்த வாரம் அவன் மறுபடி மட்டம் போடுகிறான். முதல் மட்டம் காய்ச்சலால் வந்திருக்கலாம். இரண்டாவது மட்டத்தை முதல் மட்டம்தான் கொண்டுவருகிறது.

பள்ளியில் இல்லாத நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலான அந்த இடைவெளியில் பட்டறைக்கும் பேக்கரிக்கும் போய்க் கூலி வாங்கிப் பழகிய பையன்களை அழைத்துவர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெண்பிள்ளை என்றால் "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்று திருமணப் பேச்சு தொடங்கிவிடுகிறது.

முதல் படி: நாளை எண்ணுங்கள், கிழமையைப் பாருங்கள்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளை வட்டமிட்டு, காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: வயிற்றுவலி, கல்யாணம், மழை, சந்தை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் வட்டங்கள் எதையோ சொல்லும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் வராத ஒரு மாணவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவனுடைய ஊரில் புதன்கிழமை சந்தை. அப்பாவின் காய்கறிக் கடையில் தராசு பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மட்டும் வயிறு வலித்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள், அல்லது திங்களன்று முதல் பீரியடு என்ன என்று பாருங்கள். மாதத்தில் தொடர்ந்து மூன்று நான்கு நாள் வராத பெண்பிள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் பள்ளிக் கழிப்பறைதான். பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் வராத பிள்ளைகள் தனி ரகம்.

பிள்ளை கிளம்பிப் போகிறது, ஆனால் பள்ளிக்குத்தான் போகிறதா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், நோட்டுப் புத்தகங்களை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். வகுப்பில் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கும். தமிழ், கணக்கு, அறிவியல் மூன்றிலும் ஒரே நாளில் தேதி நின்றுபோயிருந்தால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கணக்கில் மட்டும் தேதிகள் விட்டுவிட்டு வந்தால், பிள்ளை பள்ளிக்கு வருகிறது, அந்தப் பீரியடில் மட்டும் காணாமல் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு: இப்போது வருகையைச் செயலியில் பதிந்துவிடுகிறீர்கள். பதிந்ததோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. முதல் நாள் வராதபோதே வீட்டுக்கு ஒரு போன். மூன்றாம் நாளும் வரவில்லை என்றால் நேரில் போய்ப் பார்ப்பது. நான் பத்தாம் நாள் விழித்துக்கொண்டவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: கேட்கும் விதம்

விஷயம் தெரிந்த அன்று இரவே பிள்ளையை நிறுத்திவைத்து விசாரணை நடத்தாதீர்கள். அடித்தால் ஒரு வாரம் பள்ளிக்குப் போகும். அடுத்த வாரம் இன்னும் சாமர்த்தியமாக மறைக்கும். "ஏன் போகவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் வராது, பிள்ளைக்கே அது சொல்லத் தெரியாது. கேள்வியைச் சின்னதாக உடைத்துக் கேளுங்கள். எந்தப் பீரியடு வந்தால் பயமாக இருக்கிறது? சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்கார்கிறாய்? பஸ்ஸில் யார் கூட வருகிறார்கள்? கழிப்பறைக்குப் போவாயா, வீட்டுக்கு வரும் வரை அடக்கிக்கொள்வாயா? முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்பதைவிட, வெங்காயம் உரித்துக்கொண்டோ வண்டியில் போகும்போதோ கேட்பது எளிது. பிள்ளையும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொல்லும்.

நான் சொன்ன பையன் பகலெல்லாம் ஏரிக்கரையில் ஒரு மோட்டார் கொட்டகையின் நிழலில் இருந்திருக்கிறான். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைச் சரியாக மணி அடிக்கும் நேரத்துக்குத்தான் சாப்பிட்டிருக்கிறான். காற்றில் பள்ளி மணி அங்கே வரை கேட்கும். காரணத்தைச் சொல்ல அவனுக்கு நான்கு நாள் பிடித்தது. பலகைக்கு அழைத்து ஒரு வகுத்தல் கணக்கைப் போடச் சொல்லியிருந்தேன். அவனுக்கு வரவில்லை. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் "எட்டாவது வந்தும் வகுத்தல் தெரியவில்லையா?" என்று கேட்டேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

மூன்றாம் படி: காரணத்துக்கு ஏற்ற மருந்து

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அறிவுரை சொல்வதால்தான் எதுவும் பலிப்பதில்லை.

படிப்பில் பின்தங்கிய பயம் என்றால், எந்த வகுப்புப் பாடம் வரை அவனுக்கு உறுதியாகத் தெரியும் என்று கண்டுபிடியுங்கள். எட்டாம் வகுப்பு மாணவனுக்கு மூன்றாம் வகுப்பு வகுத்தல் தெரியாமல் இருப்பது அதிசயமில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், மற்ற பிள்ளைகள் முன்னால் அல்லாமல் தனியாக. பார்வையையும் சோதியுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து பலகை தெரியாத பிள்ளைகளை மக்கு என்று முடிவு கட்டிய ஆண்டுகள் எங்களுக்கு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கிறது.

ஆசிரியர் அடிக்கிறார் என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடலை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. "அடித்தால்தான் படிப்பான், நன்றாக அடியுங்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் பெற்றோரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

சக மாணவர்களின் கேலியும் சாதிப் பேச்சும் காரணமாக இருந்தால் விஷயம் வேறு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. விசாரித்தபோது, சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தல் வெளியே வந்தது. புகார் எழுந்த பிறகு, இரவில் வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அவர் பிழைத்து, அடுத்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சியும் பெற்றார். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்கும் வழிகள் பற்றி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பிள்ளை பள்ளிக்கு வராமல் இருப்பதே சில சமயம் அது எழுப்பும் ஒரே அபயக்குரல். ஆகவே கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் போட்டு உடைக்காதீர்கள். யார் சொன்னார்கள் என்பது வெளியே தெரியாமல் தலைமையாசிரியர் அளவில் வைத்து, அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேரும் வழி வரைக்கும் பாதுகாப்பை உறுதி செய்த பிறகே நடவடிக்கைக்குப் போக வேண்டும். அடிதடி மிரட்டல் என்றால் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

பெண்பிள்ளைகளின் மாதாந்திர நாட்களைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். நாப்கின் அரசுப் பள்ளிகளில் இலவசமாகத் தருகிறார்கள். பிரச்சினை அதை மாற்ற இடமும், தண்ணீரும், தாழ்ப்பாளும், போட ஒரு மூடிபோட்ட வாளியும்தான். ஒரு பள்ளியில் தாழ்ப்பாள் உடைந்த கதவை மாற்ற எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. மாற்றிய மாதத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பில் மூன்று மாணவிகளின் மட்டம் நின்றுவிட்டது. எந்த அறிவுரையும் சாதிக்காததை ஒரு தாழ்ப்பாள் சாதித்தது. தாய்மார்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் முதலில் கழிப்பறையைத் திறந்து பாருங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்பது உங்கள் உரிமை.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்தவளை நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். சின்னக் குழந்தையை அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்தால் மூத்தவள் விடுபடுவாள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்பது சட்டம். குடும்பத் தொழிலில் உதவுவது என்றால்கூடப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்தான். சந்தைக் கடைக்காரரிடம் நான் சட்டத்தைப் பேசவில்லை. "காலை எட்டரை மணி வரை கடை விரிக்க உதவட்டும், ஒன்பதரைக்கு என் வகுப்பில் இருக்கட்டும்" என்று பேரம் பேசினேன். படிந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரி போனால் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். நடுவில் நின்ற பிள்ளைக்கு அது கிடையாது.

பசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியதும், 1950-களில் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும், 2022 செப்டம்பரில் காலை உணவு வந்ததும் ஒரே அறிவின் தொடர்ச்சிதான்: வயிறு காலியாக இருக்கும் பிள்ளை வகுப்பில் தங்காது. காலை உணவு ஒன்று முதல் ஐந்து வரைதான். ஆறாம் வகுப்புக்கு மேல் பழைய சோறாவது வயிற்றில் இருக்கிறதா என்று வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

செல்போனைப் பற்றி ஒரே வரி: இரவு ஒன்பதரைக்கு மேல் அது பெற்றோரின் தலையணைக்கு அடியில் இருக்கட்டும்.

நான்காம் படி: பள்ளியோடு பேசுவது

முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர். பள்ளி விடும் நேரத்தில் போகாதீர்கள். யாருக்கும் நிதானம் இருக்காது. காலண்டரையும் நோட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். "பையனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பொதுவாகவே தலையாட்டுவார்கள். "இரண்டாம் பெஞ்சுக்கு மாற்றுங்கள்", "வராத அன்று பத்து மணிக்குள் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். "டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் பயப்படத் தேவையில்லை. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆசிரியர் வீடு தேடிப் போகும்போது தெருவில் நின்று பேரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. அக்கம்பக்கம் கேட்டுவிட்டால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு கதவைத் திறக்காது. திண்ணையில் உட்காருங்கள், கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். பிள்ளையிடம் இருக்கும் ஒரு நல்ல குணத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: திரும்பி வரும் நாள்

இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன. பத்து நாள் கழித்து வாசலில் நிற்கும் பிள்ளையை "வாங்க துரை, இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று வரவேற்றால் பதினோராம் நாள் அது வராது. அந்த வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான்.

அந்தப் பையன் திரும்பிய அன்று முதல் பீரியடுக்கு முன்பே அவனையும் அம்மாவையும் ஆசிரியர் அறையில் சந்தித்தேன். "அன்று பலகையில் நான் கேட்டது தப்பு" என்று அவனிடம் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை. செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றான். வகுப்பில் எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்று முந்தைய நாளே பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன். விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ள அழகான கையெழுத்துள்ள ஒருவனின் நோட்டைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை, முக்கியமான ஆறு பக்கம் மட்டும். சாப்பாட்டு மணிக்குப் பிறகு தினமும் இருபது நிமிடம் வகுத்தல். புளியங்கொட்டைகளைக் குவித்து, பங்கு பிரித்துத் தொடங்கினோம். மூன்றாவது வாரம் நெடுவகுத்தல் வந்துவிட்டது. வந்த அன்று அவன் ஒரே பக்கத்தில் பதினான்கு கணக்குகளைக் கேட்காமலே போட்டுக் காட்டினான்.

ஆறாம் படி: அடுத்த இருபது வேலை நாட்கள்

திரும்பி வந்துவிட்டது என்று ஓய்ந்துவிடாதீர்கள். முதல் இருபது நாள் மிகவும் மெல்லிய நூல். முடிந்தால் இன்னொரு பிள்ளையோடு சேர்த்து அனுப்புங்கள்; தெருமுனையில் காத்திருக்கும் நண்பன் எந்தக் கண்டிப்பையும்விட வலிமையானவன். பையும் சீருடையும் இரவே தயாராக இருக்கட்டும். காலையில் ஒரு பக்கச் சாக்ஸைத் தேடும் பத்து நிமிடத்தில் பஸ் போய்விடும், பஸ் போனதும் "சரி, நாளைக்குப் போகிறேன்" என்ற பேச்சு வரும். தாமதமானாலும் அனுப்பிவிடுங்கள். வயிற்றுவலி என்றால் உண்மையா என்று பாருங்கள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை என்றால் போகச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுங்கள். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கும் நாளில் டி.வி.யும் போனும் வேண்டாம், படுத்து ஓய்வெடுக்கட்டும். மாலையில் "இன்று என்ன மார்க்?" என்று கேட்பதைவிட "இன்று யார் உன்னைச் சிரிக்க வைத்தார்கள்?" என்று கேட்டால் அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

வழக்கமான முயற்சிகள் போதாதபோது

பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ, திருமண ஏற்பாடு நடந்தாலோ, வீட்டிலேயே பாதுகாப்பு இல்லை என்றாலோ 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பகல் இரவு எப்போதும் இயங்கும், கட்டணம் கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பல மாதம் அல்லது ஆண்டுக்கணக்கில் நின்றுபோன பிள்ளையை நேராகக் கொண்டுபோய் வயதுக்குரிய வகுப்பில் உட்கார வைத்தால் தடுமாறும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

கடைசியாக, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு ஊர் மாறிப் போகிறவர்களுக்கு. பொங்கல் முடிந்து கிளம்பினால் பள்ளி ஆண்டின் கடைசி மாதங்கள் முழுவதும் போய்விடுகின்றன. தாத்தா பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ பிள்ளையை விட்டுப் போக வழி இருந்தால் அதுவே முதல் தேர்வு. முடியாதென்றால், கிளம்பும் முன் வகுப்பாசிரியரிடம் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சூளைக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமலேயே எட்டாம் வகுப்பு வரை சேர்க்கலாம். சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்திருக்கும் மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். புது ஊரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.